முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? நாட்பட்ட நோயெதிர்ப்புக் கோளாறும் தோட்டத்து நோயாளரும்

(மஸ்கெலியாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம். கேள்வி நேரமும் இடையில் வந்த உரையாடல்களும் நீக்கப்பட்டுள்ளன.)



இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் நான் வளர்ந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்கு ஒரு வேலை இருந்தது. அடுப்பில் தண்ணீர் காயவைத்து, எனாமல் பேசினில் ஊற்றி, இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெரியம்மா இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அதில் முக்கிக்கொண்டு பேசாமல் இருப்பார். முதலில் விரல்கள் அசையாது. கோழிக்கால் போல மடங்கியே நிற்கும். பிறகு சுட்டுவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக நீளும். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் போதும், கொழுந்து கிள்ளலாம். "சரி, கையி வந்துருச்சு" என்று எழுந்து, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்.

பல வருடங்கள் கழித்து ஒரு மருத்துவப் பாடநூலில், முடக்குவாதத்தின் அடையாளங்களில் ஒன்றாக அந்தப் பேசினை நான் மறுபடி பார்த்தேன். காலையில் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது என்று எழுதியிருந்தது. பெரியம்மாவின் கை இந்த நோயால்தான் மடங்கியது என்று ஒரு பெரிய வைத்தியசாலையில் சொன்னபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. மூட்டுகள் அதற்குள் உருக்குலைந்திருந்தன. "இவ்வளவு காலமும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று அங்கே கடிந்துகொண்டார்கள். பெரியம்மா பதில் சொல்லவில்லை. அவருக்காக இன்று நான் சொல்கிறேன்: தினமும் காலையில் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருந்தார். கையைச் சுடுதண்ணீரில் வைத்து, இன்றைக்கு மலைக்குப் போகலாமா முடியாதா என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார். அந்தத் தீர்மானம் எந்தக் கிளினிக் கொப்பியிலும் ஏறவில்லை.

நான் வைத்தியர் அல்ல. நோயையும் வைத்தியத்தையும் சமூகவியல் கண்ணால் படிக்கிறவள். மருத்துவ முடிவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறார்கள்: முடிவெடுக்க வேண்டியவர் யார், வைத்தியரா நோயாளரா? நாட்பட்ட நோயில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? வைத்தியரின் மேசையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டால், மலையிலும் லயத்திலும் பஸ்ஸிலும் நூறு முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அந்த நூறும் மேசைக்கு வந்து சேராதவரை மேசையில் எடுக்கும் அந்த ஒன்றும் பிழையாகிப்போகும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்.

1.

நோயைப் பற்றிக் கொஞ்சம். கிருமி வந்தால் அடித்துத் துரத்துவதற்கு உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. சிலருக்கு அந்தக் காவல் ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பின்மேலேயே பாய்கிறது. மூட்டுகளின்மேல் பாய்ந்தால் முடக்குவாதம். தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம் என்று பல இடங்களில் ஒன்றாகப் பாய்ந்தால் லூபஸ். லூபஸ் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் வருகிறது. பிள்ளை பெறும் வயதும் அதுதான், கொழுந்து பறிக்கும் வயதும் அதுதான்.

அப்பெண்டிக்ஸ் வீங்கினால் வெட்டுவதா விடுவதா என்பதற்கு ஒரே நாளில் பதில் கிடைத்துவிடும். ஒரு கையொப்பத்தோடு முடிந்துபோகும். இந்த நோய்களில் அப்படியொரு நாள் வருவதில்லை. எரியும், அடங்கும், திரும்ப எரியும். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா, இரத்தச் சோதனை இந்த மாதமா அடுத்த மாதமா, பிள்ளை பெறலாமா, இந்தக் காய்ச்சல் நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று இருபது முப்பது வருடத்துக்கு முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1948 செப்டெம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடமாட முடியாதிருந்த 29 வயதுப் பெண்ணொருவருக்குப் பிலிப் ஹென்ச்சும் அவரது குழுவினரும் கோர்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மருந்தின் மறுபக்கமும் விரைவில் தெரியவந்தது: முகம் ஊதியது, எலும்பு மெலிந்தது, சீனி ஏறியது, தொற்றுகள் வந்தன. அன்றிலிருந்து இன்றுவரை இந்த நோய்களுக்கான ஒவ்வொரு மருந்தும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கிறது. எதைப் பெறுவதற்காக எதை இழக்கலாம் என்பதற்கு ஆய்வுகூடத்தில் விடை கிடையாது. வலி குறைந்தால் போதுமென்பவரும் உண்டு, முகம் மாறக்கூடாது என்பவரும் உண்டு. அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த உடம்போடு வாழ்கிறவர்தான்.

2.

இனி மலைக்குப் போவோம். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று லூபஸ் நோயாளருக்குச் சொல்வார்கள். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் நோய் கிளம்பும் என்பது மெய்தான். 1000 மீற்றர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மஸ்கெலியா 1000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. "பனிதானே மூடியிருக்கு, வெயில் எங்க?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். மெல்லிய முகிலைத் தாண்டி அந்தக் கதிரின் பெரும்பகுதி வந்துவிடும். கண்ணுக்கு வெயில் தெரியாத நாளிலும் கன்னத்துச் சிவப்புத் தடிப்பு ஏறுவது அதனால்தான். காலை தொடங்கிப் பின்னேரம் வரை திறந்த மலையில் நிற்பதே தொழிலாக உள்ளவர் வெயிலில் போகாமல் இருப்பதென்றால் தொழிலுக்குப் போகாமல் இருப்பது என்று பொருள்.

குளிரும் அப்படித்தான். இந்த நோயாளர் சிலருக்குக் குளிர் பட்டால் விரல் நுனி வெண்கட்டி போல் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து கொதிக்கும். கையைச் சூடாக வைத்திருக்கச் சொல்வார்கள். பனியில் நனைந்த தேயிலை வாதுக்குள் காலை ஏழரை மணிக்குக் கையை விட்டுப் பாருங்கள். கையுறை போட்டால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலுக்குப் பிடிபடாது.

தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் "பேர்" என்கிறோம். வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் "பேர் போச்சு" என்று கேட்டு, மானம் போனதைச் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தினேன், ஆனால் அவர் எழுதியதிலும் உண்மை இருந்தது. பதினெட்டு கிலோ, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் நிறை இருந்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். 2021இல் பேருக்கு 1000 ரூபா என்று வந்தது, 2024இல் 1350 ஆனது. வாதநோய் நிபுணரைப் பார்க்கக் கண்டிக் கிளினிக்குக்குப் போகிறவர் இருட்டோடு மஸ்கெலியாவில் பஸ் ஏறி, நோர்வுட், டிக்கோயா, ஹற்றன் வந்து, அங்கிருந்து வேறு பஸ்ஸில் கினிகத்தேனை வழியாக இறங்க வேண்டும். திரும்பி வரும்போது இரவாகிவிடும். ஒரு பேர் போயிற்று. துணைக்கு ஆள் வந்தால் இரண்டு பேர் போயிற்று. பஸ் காசும் சாப்பாடும் தனி.

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் திறந்துவைத்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை 150 கட்டில்களோடு வந்தது பெரிய ஆறுதல். பிரசவத்துக்கும் விபத்துக்கும் பலர் இப்போது மலை இறங்க வேண்டியதில்லை. ஆனால் வாதநோய் நிபுணரைப் பார்க்கப் போகிறவரின் பாதை இன்னும் நீண்டுதான் கிடக்கிறது.

ஆகவே "கொஞ்சம் ஓய்வெடுங்க அம்மா" என்று கிளினிக்கில் அன்பாகச் சொல்லும்போது, ஒரு நாளுக்கு ஒரு பேர் செலவாகும் மருந்தொன்றை எழுதிக் கொடுக்கிறோம். "பாரமில்லாத வேலை பாருங்க" என்றால், நாற்றுமேடைக்கோ குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கோ மாற்றிவிடும் அதிகாரம் கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் தோட்ட முகாமையாளரான தொரையிடமும் இருக்கிறது. நிபுணர் எழுதிய துண்டு அவர்கள் கைக்குப் போன பிறகுதான் வைத்தியமாகிறது. கங்காணிமார் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நீங்களும் இந்த வைத்தியத்தில் ஒரு பங்கு என்பதை மரியாதையோடு சொல்கிறேன்.

3.

ஒரு அக்காவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆள் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பத்துநான்கு வயது, இரண்டு பிள்ளைகள், முடக்குவாதம். மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். 2.5 மில்லிகிராம் குளிசை ஆறு, ஒன்றாக. கிளினிக் நடந்தது திங்கட்கிழமை என்பதால் "திங்கட்கிழமை தோறும்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திங்கள் இரவு போட்டார். செவ்வாய்க்கிழமை குமட்டலும் தலைச்சுற்றும். மலையில் பாதி ஏறி உட்கார்ந்துவிட்டார். அரைப்பேர். அடுத்த செவ்வாய் போகவே முடியவில்லை. மூன்றாம் கிழமை அவரே கணக்குப் போட்டார்: ஆறு போட்டால் செவ்வாய் போகிறது, மூன்று போட்டால் செவ்வாய் நிற்கிறது. மூன்று போட்டார். மிஞ்சிய மூன்றைப் பவுடர் டப்பா மூடியில் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். எறிய மனம் வரவில்லை, அரசாங்கம் தந்த மருந்தல்லவா.

மூன்று மாதத்துக்குப் பிறகு கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். வீக்கம் குறையவில்லை. "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாங்கையா" என்றார். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் வேறு பதில் கிடையாது. மருந்து போதவில்லை என்று வைத்தியர் அளவைக் கூட்டப் பார்த்தார். அவர் கவனமான வைத்தியர். கையில் இருந்த தகவலுக்கு அவர் எடுத்த முடிவு சரியானதுதான். தகவல்தான் பிழை. பாதி மருந்து போட்ட உடம்பைப் பார்த்து, முழு மருந்தும் வேலை செய்யவில்லை என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார். ஈரலையும் எலும்பு மச்சையையும் தாக்கக்கூடிய மருந்து அது.

அங்கே தமிழ் பேசும் தாதி ஒருவர் இருந்தார். அவர் கேட்ட கேள்வியை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். "அக்கா, குளிசை போட்டதுக்கு மறுநாள் என்ன செய்வீங்க?"

"செவ்வாக்கெழம மல ஏற ஏலாது மிஸ்ஸி. கொமட்டுது. பேரு போயிருது. அதான் மூணு போடுறேன்."

"ஞாயித்துக்கெழம வேலை இல்லதானே? சனி ராவுல போட்டா?"

வைத்தியர் ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை இரவு ஆறு குளிசை, போலிக் அமிலம் வேறொரு நாளில். ஞாயிறு காலை குமட்டினால் படுத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள். கூட்டிய அளவு தேவைப்படவில்லை. மருந்து எது, எவ்வளவு என்பது வைத்தியரின் அறிவு. எந்த நாள் என்பது அக்காவின் அறிவு. இரண்டும் சந்திக்கும்வரை மூன்று மாதம் வீணானது.

கிழமைக்கு ஒருமுறை என்ற இந்த மருந்தைத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அதனால்தான் மருந்துப் பாதுகாப்பு நிறுவனங்கள் இதை அதிக கவனம் வேண்டிய மருந்து என்று தனியே எச்சரிக்கின்றன. நம் மருந்து உறைகளில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று இன்று வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் மருந்து உறையில் சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ எழுத்துக்கூட்டி, பக்கத்து லயத்துப் பள்ளிப் பிள்ளையிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுக்கும் தாய்மாரை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை "கிழமைக்கு" என்பதை "நாளைக்கு" என்று வாசித்தால் அங்கே ஒரு மருத்துவ முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

4.

"நீங்க பாத்துச் செய்யுங்க ஐயா" என்று நம்மவர்கள் வைத்தியரிடம் சொல்வதைக் கேட்டு, இவர்களுக்குத் தாமாக முடிவெடுக்கப் பழக்கமில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்தப் பேச்சு என்னை மிகவும் வருத்துகிறது. கேட்காமலே முடிவெடுக்கப்பட்ட ஒரு சனத்தின் பழக்கம் அது.

1912இன் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத்து வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தது. யாருக்கு நோய், யாருக்குச் சோம்பல் என்று சொல்ல வேண்டியவர் வேலை வாங்குகிறவரிடமே சம்பளம் வாங்கினார். துண்டு கிடைத்தால் நோயாளி, கிடைக்காவிட்டால் கள்ளம். 1948இல் நம்மவரின் பிரசாவுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்த மஸ்கெலியா நகரமே மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக இடம் பெயர்ந்தது. தண்ணீர் வற்றும் மாதங்களில் பழைய கோயில் வெளியே தெரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இவற்றைவிட வைத்தியத்துக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. 1980களில் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தது. தோட்டப் பெண்களிடையே அந்தச் சத்திரசிகிச்சையின் விகிதம் நகரத்தையும் கிராமத்தையும்விட உயர்ந்தே இருந்திருக்கிறது என்பதைத் தேசியக் குடித்தொகை ஆய்வுகள் காட்டுகின்றன. கையொப்பம் வாங்கினார்கள். கைநாட்டு வாங்கினார்கள். வேறு வழிகள் என்னென்ன என்று எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசினார்கள்? நம் தாய்மாருக்குச் "சம்மதம்" என்ற சொல் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இன்றைய கிளினிக்கைப் பார்க்க வேண்டும்.

2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மொன்ட்கொமரி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. நீரிழிவு உள்ள, உடல்வாகு சிறிய ஒரு தாய்க்கு இயற்கைப் பிரசவத்தில் இருந்த ஆபத்தை வைத்தியர் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பெரும் பாதிப்பு நேர்ந்தது. அந்த நோயாளியின் நிலையில் இருக்கும் ஒருவர் எதைப் பெரிதாக எண்ணுவாரோ அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். "நோயாளியின் நிலையில்" என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். கொழுந்தெடுக்கும் பெண்ணின் நிலையில் விரல் நுனி பெரிது, செவ்வாய்க்கிழமை பெரிது. அவரிடம் கேட்காமல் அது யாருக்குத் தெரியும்?

அன்னமரீ மோல் என்ற நெதர்லாந்து அறிஞர் நீரிழிவு நோயாளரிடையே ஆய்வு செய்து, தெரிவு செய்யும் உரிமையைவிடப் பராமரிப்பே நாட்பட்ட நோயில் முக்கியம் என்று வாதிட்டார். வைத்தியரும் நோயாளரும் சேர்ந்து, மாற்றி மாற்றி முயன்று பார்த்துக்கொண்டே போவதைத்தான் அவர் பராமரிப்பு என்கிறார். சனிக்கிழமைக் குளிசைக்கு அது அப்படியே பொருந்தும். ஆயினும் அவரோடு நான் முழுதும் உடன்பட மாட்டேன். தெரிவு செய்து சலித்துப்போன சமூகத்திலிருந்து அவர் எழுதினார். நாங்கள் தெரிவு என்பதையே இன்னும் கண்ணால் பார்க்காதவர்கள். எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

5.

மருந்தே கிடைக்காத ஊரில் தெரிவுக்கு இடமில்லை. லூபஸ் நோயாளர் பெரும்பாலோருக்கு அடிப்படை மருந்து ஹைட்ரொக்சிகுளோரோகுயின். இதற்கும் இந்த மலைநாட்டுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. தேயிலைக்கு முன்னால், 1861இல், ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டதே சிங்கோனா மரம் வளர்க்கத்தான். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தபோது தோட்டக்காரர்கள் பலர் சிங்கோனாவை நட்டார்கள். நம் முன்னோர் அதன் பட்டையை உரித்தார்கள். விலை விழுந்ததும் அதைப் பிடுங்கித் தேயிலை வைத்தார்கள். அந்தப் பட்டையிலிருந்து எடுத்ததுதான் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா. கொயினாவின் வழியில் ஆய்வுகூடங்களில் மெபக்ரீன், குளோரோகுயின் என்று பிள்ளைகள் பிறந்தன. 1951இல் பேஜ் என்ற ஆங்கில வைத்தியர் மெபக்ரீன் லூபஸ் தோல்நோயைத் தணிப்பதை எழுதினார். 1955இல் அமெரிக்காவில் ஹைட்ரொக்சிகுளோரோகுயினுக்கு அனுமதி கிடைத்தது.

2020 மார்ச்சில், கொரோனாவுக்கு இந்த மருந்து கைகொடுக்கும் என்று அமெரிக்க ஜனாதிபதி மேடையில் நின்று சொன்னார். உலகம் முழுக்க மருந்துக்கடை அலுமாரிகள் காலியாகின. மார்ச் 25ஆம் திகதி இந்தியா அதன் ஏற்றுமதியை நிறுத்தி, ஏப்ரலில் கட்டுப்பாட்டோடு தளர்த்தியது. ஜூனில் வந்த பெரிய பரிசோதனை முடிவுகள், கொரோனா நோயாளருக்கு அதனால் பயனில்லை என்று காட்டின. அதற்குள் லூபஸ் நோயாளர் பலர் குளிசையை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நாளைக்கு ஒன்று, பிறகு மூன்று நாளைக்கு ஒன்று. அந்த எண்ணிக்கையை அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்த மருந்தில் எண்ணிக்கை விளையாட்டல்ல. உடல் நிறையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் நாளுக்குப் போகக்கூடாது. கூடினால் வருடக்கணக்கில் கண்ணின் விழித்திரை கெடும். கொழுந்து நிறுக்கும் தராசில் நம் அக்காமார் ஏறி நின்றால் நாற்பத்தைந்து கிலோ இருப்பார்கள். அவர்களுக்கு 225 மில்லிகிராம்தான் எல்லை. 200 மில்லிகிராம் குளிசை நாளுக்கு ஒன்று போதும், இரண்டு போட்டால் கூடிப்போகும். குறைத்தாலோ நோய் சத்தமில்லாமல் சிறுநீரகத்துக்குள் போகும்.

எந்த மருந்து நாட்டுக்குள் வருகிறது என்பதும் ஒரு முடிவுதான். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த சேனக பிபிலே, நாட்டுக்கு எந்த மருந்து தேவை என்பதைக் கம்பனிகள் தீர்மானிக்கக் கூடாது என்று நின்றவர். வணிகப் பெயர்களின் காட்டிலிருந்து தேவையான மருந்துகளைப் பொறுக்கியெடுத்து, மலிவாகக் கொள்வனவு செய்ய வழி காட்டினார். அவர் நினைவு இந்நாட்டில் எவ்வளவு தேவை என்பதை 2022 காட்டியது. அந்த ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. வைத்தியசாலைகளில் மருந்து இல்லை, பஸ்ஸுக்கு டீசல் இல்லை. மறுவருடம், நோயெதிர்ப்புக் கோளாறுகளில் உயிர் காக்கக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தே தரமற்றதாக வைத்தியசாலைகளுக்கு வந்து சேர்ந்ததாகக் கண்டுபிடித்து விசாரணை தொடங்கினார்கள். ஊசியை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த நோயாளர், அந்தப் போத்தலுக்குள் இருந்தது எதுவோ அதற்குச் சம்மதிக்கவில்லை.

6.

வீட்டுக்குள் எடுக்கப்படும் முடிவுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விரிவாகப் பேசப் பெண்கள் மட்டும் இருக்கும் ஒரு கூட்டம் வேண்டும்.

ஸ்டெரொய்ட் குளிசை போட்டால் கன்னம் உப்பும், பசி எடுக்கும். லயத்தில் பார்ப்பவர்கள் "ஒடம்பு தேறிருச்சே" என்பார்கள். தேறிவிட்டது என்று எல்லோரும் சொன்னபிறகு மருந்து எதற்கு? நிறுத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் போட்ட ஸ்டெரொய்ட்டைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதை நோயாளருக்குச் சொன்னால் மட்டும் போதாது, மாமியாருக்கும் சொல்ல வேண்டும்.

கல்யாணம் பேசும்போது நோயை மறைக்கிறார்கள். மறைத்த பிறகு புருஷன் வீட்டில் குளிசையையும் மறைக்க வேண்டியிருக்கிறது. மெதோட்ரெக்ஸேட் போடும்போது பிள்ளை உண்டாகக் கூடாது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில், மருந்தை மாற்றிக்கொண்டு, திட்டமிட்டால் லூபஸ் உள்ள பெண்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஹைட்ரொக்சிகுளோரோகுயினைக் கர்ப்பகாலத்திலும் தொடரலாம், தொடர வேண்டும். ஆனால் திட்டமிட வேண்டுமென்றால் வாய் திறந்து பேச வேண்டும். மூன்று முறை கரு கலைந்த பெண்ணை "ராசியில்லாதவ" என்று ஒதுக்கிவைத்த வீட்டை எனக்குத் தெரியும். இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் நோயெதிர்ப்புக் கோளாறு ஒன்று அப்படிக் கருவைக் கலைக்கும், அதற்கு மருந்தும் இருக்கிறது.

7.

செய்யக்கூடியவற்றை, பணம் அதிகம் தேவைப்படாதவற்றை மட்டும், இந்த மேடையிலிருந்து கேட்கிறேன்.

தொழிற்சங்கத்தாரிடம்: நாட்பட்ட நோயுள்ளவரின் கிளினிக் நாள் பேர் விழும் நாளாக வேண்டும். கூட்டு ஒப்பந்தமோ சம்பள நிர்ணய சபையோ, எங்கே பேசினாலும் சம்பளத்தோடு இதையும் பேசுங்கள். மாதம் ஒரு நாள்தான். தோட்ட நிர்வாகத்தாரிடம்: நிபுணர் எழுதிய துண்டோடு வருகிறவருக்கு நாற்றுமேடையிலோ பிள்ளைக் காம்பராவிலோ வேலை மாற்றும்போது அது தொரையின் தயவாக இல்லாமல் எழுத்தில் உள்ள விதியாக இருக்கட்டும். மருந்து கொடுப்பவர்களிடம்: உறையில் தமிழில் எழுதுங்கள். "கிழமைக்கு ஒரு நாள் மட்டும்" என்று எழுதி, எந்த நாள் என்று நோயாளரையே கேட்டு, அந்த நாளின் பெயரையும் எழுதுங்கள். இங்கே பக்கத்து வைத்தியசாலைகளில் இருப்பவர்களிடம்: லூபஸ் நோயாளரின் சலத்தில் புரதம் போகிறதா என்று காகிதக் குச்சியைத் தோய்த்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். அதற்கு யாரும் கண்டிக்கு இறங்க வேண்டியதில்லை.

கடைசியாக, கிளினிக் கொப்பி. அதில் எழுதுகிறவர் எப்போதும் வைத்தியரே. பின்பக்கத்திலிருந்து சில தாள்களை நோயாளருக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்கிறேன். எழுதத் தெரியாதவர் கோடு போடட்டும்.

நான் சொன்ன அந்த அக்கா அதைத் தாமாகவே தொடங்கியிருந்தார். போன தடவை அவர் கொப்பியைப் பார்த்தேன். மழையில் நனையாமல் ரொட்டிப் பையில் சுற்றி வைத்திருந்தார். கடைசித் தாளில் பென்சிலால் வரிசையாகக் கோடுகள், ஒரு கோட்டுக்கு ஒரு சனிக்கிழமை. இரண்டு இடத்தில் மட்டும் பெருக்கல் குறி. வைத்தியர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்து, தாதியைக் கொண்டு அந்த இரண்டைப் பற்றியும் கேட்டாராம். ஒன்று கீழ் லயத்தில் எழவு விழுந்த இரவு. மற்றது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட சனிக்கிழமை, ஞாயிறு தாம் படுத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்று போடவில்லை.

"அப்படி வந்தால் திங்கட்கிழமை போடலாமா?" என்று அக்கா கேட்டார். ஓரிரு நாள் பிந்திப் போட்டால் பாதகமில்லை, ஆனால் ஒரே கிழமையில் இரண்டு தடவை மட்டும் போட்டுவிடக் கூடாது என்று வைத்தியர் சொன்னார். தாதி அதைத் தமிழில், அதே தாளில், பெருக்கல் குறிகளுக்குக் கீழே எழுதிக் கொடுத்தார்.